ஏறுகாலணிக்கு ரப்பர்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பாறையிலும் ஜிம் சுவரிலும் ஏறப் போடும் ஏறுகாலணியின் ரப்பரைப் பற்றியவை. அவற்றில் எட்டை எடுத்துக்கொண்டோம். மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். சோல் என்பது அடியில் இருக்கும் தடித்த ரப்பர். ரேண்ட் என்பது சோலுக்கு மேலே, காலணியின் விளிம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் பட்டை; அதன் கீழ்விளிம்பு மடிந்து சோலுக்கு அடியில் போகும். டோ பேட்ச் என்பது விரல்களின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர்.

என் மகனுக்கு 15 வயது. எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் ஏறுகிறான். வலது காலணியின் முனை மட்டும் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டது. கடையில் கேட்டால், “ரேண்டும் போய்விட்டது, செலவு கூடும்” என்கிறார்கள். நம்மை ஏமாற்றுகிறார்களா? பேசாமல் புதிதே வாங்கிவிடலாமா?
– வாசகி, பொங்கோல்

கடைக்காரர் சொல்வது சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். காலணியைப் பக்கவாட்டில் பிடித்து, முனையை வெளிச்சத்தில் காட்டுங்கள். சோலும் ரேண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே ரப்பர் இன்னும் ஒரு மில்லிமீட்டராவது இருந்தால் சோலை மட்டும் மாற்றினால் போதும். கோடே மறைந்து, சோல் கத்திமுனைபோல மெலிந்து ரேண்டோடு ஒன்றாகிவிட்டால் ரேண்ட் தேய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அடுத்து, முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ரப்பருக்குரிய எதிர்ப்பு இல்லாமல் தோல்பைபோல உள்ளே போனால், ரேண்ட் காகிதமாகிவிட்டது. துணியோ தோலோ எட்டிப் பார்த்தால் அதற்கு மேல் சொல்லவே வேண்டாம்.

ரேண்ட் வேலைக்குக் கூடுதல் செலவு ஆவதில் நியாயம் இருக்கிறது. பழைய சோலைக் கழற்றி, ரேண்டின் முன்பகுதியை மணல்தாளால் சரித்து, புதுத் துண்டை இழுத்து ஒட்டி, அதன் மேல்தான் சோலைப் போட முடியும். வேலை ஏறக்குறைய இரட்டிப்பு.

ஆனால் உங்கள் மகன் வயதில் வேறொரு கணக்கைப் பார்க்க வேண்டும். கால் இன்னும் வளர்கிறது. இப்போதே விரல் மடங்கி வலிக்கிறது என்றால், பழைய காலணிக்கு ரப்பர் போடுவது வீண். அளவு சரியாக இருந்து, மேல்தோல் கிழியாமல், குதிகால் பிடி தளராமல் இருந்தால் போடலாம். மொத்தச் செலவு புதுக் காலணியின் பாதி விலையைத் தாண்டினால், வளரும் பிள்ளைக்குப் புதிது வாங்குவதே மேல்.

வலது மட்டும் தேய்வது காலணியின் குற்றமில்லை. புதியவர்கள் பெரும்பாலும் காலைத் தூக்கி வைப்பதில்லை. சுவரோடு உரசி மேலே இழுத்து, அதில் பொருத்தியிருக்கும் பிடி தட்டுப்பட்டதும் நிறுத்துகிறார்கள். ஜிம் சுவர்களின் வண்ணப்பூச்சில் மணல் கலந்திருக்கும். அது மணல்தாள் ஒட்டிய சுவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காலை முதலில் தூக்குகிறானோ அது முதலில் போகும். பிடியைக் கண்ணால் பார்த்து, சத்தம் வராமல் காலை வைக்கப் பழகினால் அடுத்த சோல் கண்கூடாகக் கூடுதல் நாள் உழைக்கும்.

அரைச் சோலை வீட்டிலேயே மாற்றப் பார்க்கிறேன். கருவிகள் ஓரளவு உண்டு. என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று விரிவாகச் சொல்லுங்கள் ஐயா. ரேண்ட் நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகர், ஈசூன்

ரேண்ட் நன்றாக இருக்கும்போது தொடங்குவதால் பாதி வேலை மிச்சம். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அரத்தால் சொரசொரப்பாக்குவார், சொல்யூஷனைத் தடவுவார், ஊதிக் காயவிடுவார், அப்புறம்தான் துண்டை வைத்துத் தட்டுவார். இதுவும் அதே வேலைதான். அளவு பெரிது, வளைவு அதிகம், அவசரப்பட்டால் நட்டம் பெரிது.

வாங்க வேண்டியவை: ஏறுகாலணிக்கென்றே விற்கும் ரப்பர்த் தகடு, 4 மி.மீ. தடிமனில், 41 அளவுக் காலணிக்கு 12 × 17 செ.மீ. துண்டுகள் இரண்டு. நியோப்ரீன் வகைக் காண்டாக்ட் பசை, ஒரு சோடிக்கு 50 மி.லி. தாராளம். 60, 80, 120 எண் மணல்தாள். ஹீட் கன், குறடு, ஒடித்துப் பயன்படுத்தும் கத்தி, ரப்பர்ச் சுத்தியல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மட்டமான தூரிகை இரண்டு, பழைய சைக்கிள் டியூப் ஒன்று. ரப்பர்த் தகட்டை இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கும். மற்றவை ஜாலான் புசார் வட்டார ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் சாமான்கள்.

இரண்டு நாள் முன்பே காலணியைக் கழுவிக் காயவையுங்கள். கைக்குப் பூசும் சாக் தூள் சோல் ஓரங்களில் புகுந்திருக்கும்; அது இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது.

அரைச் சோல், அதாவது சோலின் முன்பகுதி, முடியும் கோடு பெரும்பாலான காலணிகளில் ஏற்கெனவே இருக்கும், உள்ளங்காலின் குழிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால். முழுச் சோலாக இருந்தால் அந்த இடத்தில் நீங்கள் கோடு கிழிக்க வேண்டும். கத்தியை நட்டுக்குத்தலாகப் பிடிக்காமல் சாய்த்து வெட்டினால் பின்துண்டின் விளிம்பு சரிவாக அமையும்; புதுத் துண்டின் விளிம்பை அதற்கு எதிர்ச்சரிவாகத் தேய்த்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து உட்காரும். முட்டுக்கு முட்டு வைத்த இணைப்பு, கால் மடங்கும்போதெல்லாம் வாயைப் பிளக்கும். வெட்டும்போது சோலின் தடிமனோடு நிறுத்துங்கள். கீழே இருப்பது மிட்சோல், காலணிக்கு விறைப்பைத் தரும் நடு அடுக்கு. அதை வெட்டிவிட்டால் காலணியின் விறைப்பு அங்கேயே முறிந்துவிடும்.

இனி சூடு. ஹீட் கன்னைக் குறைந்த நிலையில், 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். ரப்பரைத் தொட்டால் இரண்டு விநாடிக்கு மேல் விரலை வைக்க முடியாத சூடு போதும். அதற்கு மேல் போனால் ரேண்டின் பசையும் இளகும், குதிகாலைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பட்டையின் விசையும் தளரும். இணைப்பு முனையைக் கத்தியால் நெம்பி, குறடால் பற்றி, முன்முனையை நோக்கி மெல்ல உரியுங்கள். ஒட்டிக்கொண்டு வராத இடத்தில் பலத்தைக் கூட்டாமல் சூட்டைக் காட்டுங்கள்.

கடைசி மூன்று சென்டிமீட்டரில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். முனையில் சோலின் அடியில் ரேண்ட் மடிந்திருக்கும். வேகமாக இழுத்தால் அதுவும் சேர்ந்து எழும். எழுந்துவிட்டால் சோலை மறந்துவிட்டு, முதலில் ரேண்டைப் பசை போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிறகு தொடருங்கள்.

உரித்த இடத்தில் பழைய பசை மஞ்சளாகத் திட்டுத்திட்டாக நிற்கும். 60 எண் தாளால் மேடுகளைக் கரைத்து, 80ஆல் சமப்படுத்துங்கள். ரேண்டின் மடிப்பு 10 மி.மீ. அகலத்துக்குச் சோலோடு ஒட்டப்போகிறது; அதையும் சொரசொரப்பாக்க வேண்டும், ஆனால் மெலியவிடக் கூடாது. மின்கருவியில் தேய்ப்பவர்கள் வேகத்தைக் குறைத்து வையுங்கள். ரப்பர் கருகும் வாடை வந்தால் அந்த இடம் மெழுகிப் பளபளப்பாகிவிட்டது. திரும்பவும் கையால் தேய்க்க வேண்டும்.

புதுத் தகட்டில் ஒட்டப்போகும் பக்கத்தின் பளபளப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சக் கூடாது. தகடு அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசியிருக்கும் பொருள் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழுதும் சாம்பல் பூத்த கரிபோல மங்கலாக இருந்தால் சரி. காலணியை அட்டையில் வைத்து வரைந்து, சுற்றிலும் 5 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் வெண்ணெய்போல அறுபடும். இடம் வலம் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பக்கத்தைத் தேய்த்த பிறகுதான் இரண்டும் ஒரே காலுக்கு வெட்டப்பட்டிருப்பது தெரியவரும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது.

தூசியைத் தட்டி, ஆல்கஹால் துணியால் துடைத்து, பத்து நிமிடம் விடுங்கள். பசையை இரு பக்கமும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். தடித்துப் பூசினால் பலம் கூடும் என்பது தவறு. முதல் பூச்சு 20 முதல் 30 நிமிடம் காயட்டும். மிட்சோல் அதைக் குடித்துவிடும். இரண்டாம் பூச்சுக்கு 15 முதல் 20 நிமிடம். விரலின் பின்புறத்தால் தொட்டால் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், நூல் இழுக்கக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் இரு பக்கத்தையும் 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி உடனே ஒட்டுங்கள்.

பின் இணைப்பிலிருந்து தொடங்கி முன்னோக்கி வாருங்கள். இணைப்பு மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். முன்முனையில் மிஞ்சுவதை வெட்டிக்கொள்ளலாம். காண்டாக்ட் பசை தொட்டால் விடாது, நகர்த்தித் திருத்த வாய்ப்பில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுச் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே தாங்கு வேண்டும். கால் அச்சு இல்லாதவர்கள் பூரிக்கட்டையின் முனையைச் செருகித் தட்டலாம். இவ்வகைப் பசைக்கு நெடுநேர அழுத்தத்தைவிட ஒருமுறை கொடுக்கும் பலத்த அழுத்தமே முக்கியம். ஆனாலும் முனை வளைவில் ரப்பர் நிமிரப் பார்க்கும் என்பதால் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, காலணியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள்.

மறுநாள் ஓரத்தை 2 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை 80, பிறகு 120 எண் தாளால் ரேண்டோடு சமமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். விளிம்பை உருட்டிவிடாதீர்கள், சிறு பிடிகளில் நிற்பது அந்தக் கூர்விளிம்புதான். ஒட்டி 48 மணி நேரம் கழித்து ஏறலாம். முதல் இரண்டு மூன்று தடவை காலணி மரக்கட்டைபோல இருக்கும். அது ரப்பரின் இயல்பு.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது, தலையும் சுற்றும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் செய்வதென்றால் சன்னலைத் திறந்து, விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, அடுப்பை மூடி, சாமி விளக்கை மலையேற்றிவிட்டுத் தொடங்குங்கள். பசை ஈரமாக இருக்கும்போது ஹீட் கன்னைத் தொடக் கூடாது. தேய்க்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். கருந்தூள் மூக்குக்குள் போனால் இரண்டு நாள் வரும்.

காலை வேலைக்குப் போகும் முன், நீங்கள் சொல்வதுபோலத்தான் இரண்டு பூச்சு, 20 நிமிடம் என்று கடிகாரம் பார்த்துச் சோலை ஒட்டினேன். இரண்டே வாரத்தில் முனையிலிருந்து உரிந்துவிட்டது. பசை போலியா?
– வாசகர், சுவா சூ காங்

பசையைக் குறைசொல்லும் முன் உரிந்த இரு பக்கங்களையும் பாருங்கள். காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

பசை முழுவதும் காலணியோடு தங்கி, ரப்பர்ப் பக்கம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால், ரப்பரைப் போதுமான அளவு தேய்க்கவில்லை. இரு பக்கமும் பசை சம அளவில் இருந்து, இரண்டுமே வழவழவென்று மின்னினால், பசை அளவுக்கு மீறிக் காய்ந்த பிறகு சூடேற்றாமல் ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு படலமும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. இன்னும் ஜவ்வு மிட்டாய்போல நூல் இழுத்தால் நேர்மாறு: காயும் முன்னே ஒட்டியதால் கரைப்பான் உள்ளே சிறைப்பட்டுவிட்டது. பசைப் படலம் பால்போல வெளுத்திருந்தால் ஈரம்.

உங்களுக்குக் கடைசிக் காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம், ஏனென்றால் கடிதத்தில் “காலை வேலைக்குப் போகும் முன்” என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பசைப்பரப்பு குளிரும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனியாகப் படியும். ஐஸ் தேநீர்க் கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். மழையில்லாத நாளில் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு இறங்கும். அந்த நேரத்தைப் பிடியுங்கள். ஏர்கான் அறை உலர்ந்திருக்கும்தான், ஆனால் மூடிய அறையில் பசை ஆவியோடு உட்காரச் சொல்ல மாட்டோம். திறந்த சன்னலோரம் பசை பூசிக் காயவைத்து, ஒட்டும் முன் சூடு காட்டினால் மேலே படிந்த ஈரமும் போய்விடும். கடிகாரத்தைவிட விரலின் பின்புறத்தை நம்புங்கள். அதே 20 நிமிடம் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு.

அப்பா ஃபெவிகால் போடச் சொல்கிறார், நண்பன் சூப்பர் குளூ என்கிறான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி முனையில் ஒட்டினால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. எது சரி?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

மூன்றும் வேண்டாம். அப்பா மனத்தில் இருப்பது மரவேலைக்கான வெள்ளை ஃபெவிகால் என்றால் அது ரப்பரில் பிடிக்காது. அதே நிறுவனத்தின் எஸ்ஆர் வகை செயற்கை ரப்பர்ப் பசை வேறு சங்கதி. அது காண்டாக்ட் இனம், செருப்பு வேலைக்கு ஆகும். சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடிபோல் விறைக்கும். கால் மடங்க மடங்க நொறுங்கும். பிறகு கடையில் கொடுத்தாலும் அந்தக் கெட்டிப் படலம் மணல்தாளுக்கு எளிதில் மசியாது, வேலை செய்பவர் உங்களை வாழ்த்த மாட்டார்.

டியூப் ரப்பர் காற்றைப் பிடித்துவைக்கச் செய்தது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் தடிமன், சுவரில் நாலு உரசலில் கிழியும். பியூட்டைல் வகை என்றால் இந்தப் பசையும் அதில் சரியாகப் பிடிக்காது. மேலே சொன்னதுபோல் கட்டுக்கயிறாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அதைப்போல வேறொன்று இல்லை. குழாயில் வரும் ஷூ கூ போன்ற பிசின்கள் தையலை மூடவும், லேஸ் துளையைக் காக்கவும் நல்லவை. நிற்கும் விளிம்பில் பூசினால் வழுக்கும்.

போல்டரிங்கில் (கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறுவது) விரல்மேலால் கொக்கி போட்டுத் தொங்கும் நகர்வுகள் நிறைய வருகின்றன. என் காலணியில் டோ பேட்ச் சின்னது, கட்டைவிரல்மேல் மட்டும் இருக்கிறது. அதைப் பெரிதாக்க முடியுமா?
– வாசகி, செங்காங்

முடியும், பலரும் செய்கிறார்கள். ஆனால் ரப்பர் ஒட்டிய இடத்தில் மேல்தோல் அதற்குப் பிறகு இளகாது. ஏற்கெனவே பிடிப்பாக இருக்கும் காலணி இன்னும் இறுகும். தளர்ந்துபோன பழையது புத்துயிர் பெறும். ஆகவே நன்கு பழகி, கொஞ்சம் தொளதொளத்த காலணியில்தான் முயல வேண்டும். புதிதாக வாங்கிய மறுநாளே கைவைக்காதீர்கள்.

தகடு 1.5 முதல் 2 மி.மீ. தடிமன். அதற்கு மேல் போனால் விரல் மடங்காது. காலணியை அணிந்துகொண்டு ஒரு பிடியில் கொக்கி போட்டுப் பாருங்கள்; எந்த இடம் தொடுகிறதோ அதை மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். பெரும்பாலும் பெருவிரல் மூட்டிலிருந்து நடுவிரல் வரை, மேல்நோக்கி 5 செ.மீ.க்குள் அடங்கிவிடும். லேஸ் அல்லது பட்டை தொடங்கும் இடத்துக்கு 8 மி.மீ. முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காலணிக்குள் காலே நுழையாது. டேப்பை அப்படியே உரித்து அட்டையில் ஒட்டினால் மாதிரி தயார்.

வெட்டிய துண்டின் ஓரத்தைச் சுற்றிலும் 6 மி.மீ. அகலத்துக்குப் பூஜ்யத்துக்குச் சரியுங்கள். சரிக்காத ஓரத்தைச் சுவர் நகத்தால் கிள்ளுவதுபோல் கிள்ளி எடுத்துவிடும். மேல்தோல் உண்மையான தோல் என்றால் மேற்பூச்சு போகும்வரை 80 எண் தாளால் தேய்த்துப் பஞ்சு எழுப்புங்கள். செயற்கை மைக்ரோஃபைபர் என்றால் 120ஆல் லேசாக, அடித்துணி தெரியாமல். பழைய டோ பேட்ச்சின் மேலேறி ஒட்டும் இடத்தில் அதன் பளபளப்பும் போக வேண்டும்.

ஒட்டும்போது காலணி உள்ளே காலிருப்பதுபோல் பருத்திருக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் காலணியில் ஒட்டினால், கால் நுழைந்ததும் தோல் விரியப் பார்க்கும், ரப்பர் விடாது, ஓரம் எழும். சொந்தக் காலைப் போட்டுக்கொண்டு பசை பூசுவது கூடாது. ஒரு காலுறையில் அரிசியை நிரப்பி, முனைவரை கெட்டியாகத் திணியுங்கள். வளைவுகளில் புகுந்து விரல் மேட்டைக்கூட எடுத்துக்காட்டும். அந்த அரிசியைப் பிறகு உலையில் போட வேண்டாம், பசை வாடை ஏறியிருக்கும். பசைப்பதம், சூடு எல்லாம் சோலுக்குச் சொன்னதுதான். சுத்தியலுக்குப் பதில் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து அழுத்துங்கள்.

ஒரு காலுக்கு மட்டும் போதும் என்றால் ஒன்றுக்கே போடுங்கள். எந்தக் காலால் கொக்கி போடுவது என்பதில் பெரும்பாலானோருக்கு ஒரு பழக்கம் இருக்கும்.

பெருவிரல் முனையில் ரேண்டில் பட்டாணி அளவு ஓட்டை. மேலேயே ஒரு துண்டை ஒட்டிச் சமாளிக்கலாமா?
– வாசகர், பிடோக்

ஒரு வாரம் சமாளிக்கலாம். மேலே ஒட்டிய துண்டுக்குச் சோலை ஒட்டிய பக்கத்தில் ஒரு படி நிற்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிடியின் விளிம்பு அந்தப் படியில்தான் மாட்டும்.

நிலைத்து நிற்க வேண்டுமென்றால் சோலின் முனையை 4 செ.மீ.க்குச் சூடாக்கித் திறந்து, ஓட்டையைச் சுற்றி 15 மி.மீ. வரை ரேண்டைச் சரிவாகத் தேய்த்து, 2 மி.மீ. ரேண்ட் ரப்பரைச் சற்று இழுத்தவாறே மேலிருந்து ஒட்டி, கீழ்விளிம்பை அடியில் மடித்து, பிறகு சோலை மூட வேண்டும். மடிப்பில் சுருக்கம் விழுந்தால் முக்கோணமாக வெட்டி எடுத்துவிடுங்கள். சுருக்கத்தின் மேல் சோல் உட்காராது. ஓட்டைக்குள் தோலும் கிழிந்திருந்தால் உள்பக்கம் மெல்லிய தோல்துண்டு ஒன்றை முதலில் ஒட்டிக்கொள்ளுங்கள். சோலும் மெலிந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டுப் பழையதையே திரும்ப மூடுவதில் பொருளில்லை, புதுச் சோலையே போட்டுவிடுங்கள்.

சனவரியில் ஹம்பி போகிறோம். இங்கே டெய்ரி ஃபார்ம் பாறையில் ஏறிய அனுபவம் உண்டு. மென்மையான ரப்பர் போடவா, கெட்டியானது போடவா? பசையைப் பெட்டியில் கொண்டுபோகலாமா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பசையை முதலில் முடித்துவிடுவோம்: கூடாது. காண்டாக்ட் பசை தீப்பற்றும் திரவம். கைப்பையிலும் பெட்டியிலும் விமானத்தில் ஏற்ற அனுமதியில்லை. அவசரத்துக்கு வேண்டுமென்றால் இந்தியாவில் இறங்கி எந்த ஹார்டுவேர் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.

டெய்ரி ஃபார்மும் கருங்கல், ஹம்பியும் கருங்கல். ஆனால் டெய்ரி ஃபார்ம் வெடிவைத்து உடைத்த கற்சுரங்கச் சுவர். உடைந்த விளிம்புகள், சின்னச் சின்னப் படிகள். ஹம்பியில் வெயிலும் மழையும் உருட்டிய பெரும் உருண்டைகள். விளிம்பு குறைவு, படிகக் கற்கள் துருத்திக்கொண்டு உப்புத்தாள்போல இருக்கும். உள்ளங்காலைப் பரப்பி உராய்வில் நிற்கும் ஏற்றம் அங்கே அதிகம்.

விப்ராம் நிறுவனத்தின் ரப்பர் வகைகளில் எக்ஸ்எஸ் எட்ஜ் கெட்டி, சிறு விளிம்பில் வளையாது, மெல்லத் தேயும். எக்ஸ்எஸ் கிரிப் 2 மென்மை, உராய்வில் கவ்வும், வேகமாகத் தேயும். உராய்வுக்கு மென்மை நல்லது என்று பார்த்தால் ஹம்பிக்குக் கிரிப் 2 என்று சொல்லத் தோன்றும். ஆனால் தினமும் ஏறப்போகும் பயணத்தில் 3.5 மி.மீ. மென்ரப்பர் ஊர் திரும்பும்போது ரேண்டைத் தொட்டுவிடலாம். ஒரே சோடிதான் என்றால் எங்கள் தேர்வு 4 மி.மீ. கிரிப் 2, இரண்டு சோடி இருந்தால் பழையதற்கு எட்ஜ் போட்டு, கூர்விளிம்புப் பாதைகளுக்கும் உடலைச் சூடேற்ற முதலில் ஏறும் எளிய பாறைகளுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் எந்த ரப்பரும் குழையும், அதிகாலையும் அந்தியும்தான் ஏறும் நேரம். எதைப் போட்டாலும் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே முடித்து, இங்கே நாலு தடவை ஏறிப் பாருங்கள். ஓரம் உரிவதாக இருந்தால் இங்கேயே உரியட்டும்.

மூங்கில் கழியில் துணியோடு காலணியையும் வெயிலில் காயவைப்பது என் வழக்கம். வாடை போகிறது, ஆனால் ரேண்ட் ஓரம் எழுகிறது. அத்தோடு, ஈராண்டாக அலமாரியில் கிடந்த என் மலைநடைக் காலணியின் அடி, எடுத்துப் போட்டதும் பிஸ்கட்போல உதிர்ந்தது. இரண்டுக்கும் ஒரே காரணமா?
– வாசகர், தோ பாயோ

இல்லை. மலைநடைக் காலணிகள் பலவற்றின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. நம்மூர்க் காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும், போடாமல் வைத்திருந்தாலும் உடைக்கும். உதிர்ந்ததை ஒட்ட முடியாது. நடு அடுக்கையே மாற்றித் தருபவர் கிடைத்தால் உண்டு. ஏறுகாலணியின் அடி ரப்பர் என்பதால் இந்த நோய் அதற்கு வராது.

ரேண்ட் எழுவது வெயிலால். கழியில் நேர்வெயில் படும் கறுப்பு ரப்பர் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும், பசை இளகும், இழுவிசையில் இருக்கும் ரேண்ட் நழுவும். மூடிய காரின் பின்னிருக்கையில் போட்டுவைப்பதும் இதே கதைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, பழைய பல்துலக்கி, கழுவியதும் காகிதம் திணித்து நிழலில் விசிறிக் காற்று. திணித்த காகிதத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாளுக்குள் காய்ந்துவிடும். எழுந்திருக்கும் ஓரம் 1 செ.மீ.க்குள் என்றால் இப்போதே பல்குத்தும் குச்சியால் பசையை உள்ளே தடவி, இருபுறமும் பட்டதும் வாயைத் திறந்தே வைத்து 20 நிமிடம் காயவிட்டு, சூடு காட்டி அழுத்திவிடுங்கள். திறந்து வைக்க ஒரு தீக்குச்சித் துண்டைக் குறுக்கே செருகினால் போதும், மருந்து முனையை ஒடித்துவிட்டு.